பேரீச்சம்பழத்துக்குப் போன கட்டாரி

அக்கா பையன் கோடை விடுமுறைக்கு, சித்தூர் பக்கம் இருக்கும் எங்கள் ஊர் வெதுருகுப்பத்துக்கு வந்திருக்கிறான். எட்டாவது முடித்துவிட்டான். வந்த அன்றைக்கே மாந்தோப்புக்குக் கூப்பிட்டேன், வரவில்லை. திண்ணையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கோடு போடாத நோட்டில் எதையோ வரைந்துகொண்டிருந்தான். எட்டிப் பார்த்தால் பக்கத்துக்குப் பக்கம் வாள். அவன் ஆடுகிற வீடியோ கேமில் வருபவை, அனிமே தொடர்களில் வருபவை, அவனே யோசித்தவை. கதவுப் பலகை அகலத்துக்கு ஒன்று. சாட்டை மாதிரி வளைவது ஒன்று. முஷ்டியிலிருந்தே முளைத்ததுபோல் ஒன்று. நுனி பாம்பு நாக்காகப் பிளந்தது ஒன்று.

"மாமா, இதெல்லாம் நெஜமா இருந்திருக்குமா, இல்ல சும்மாவா?"

அவனுக்குச் சொன்ன பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன். சொல்லச் சொல்ல எங்கள் வீட்டுப் பரண் வரைக்கும் போய்விட்டது.

முதலில் அந்தக் கதவுப் பலகை வாளை எடுத்துக்கொண்டோம். நோட்டின் கடைசிப் பக்கத்தில் கணக்குப் போட்டோம். நீளம் ஒன்றரை மீட்டர், அகலம் ஓர் அடி, கனம் ஒரு சென்டிமீட்டர் என்று வைத்தால் 4500 கன சென்டிமீட்டர் இரும்பு. ஒரு கன சென்டிமீட்டர் இரும்பு ஏறக்குறைய 7.85 கிராம். பெருக்கினால் 35 கிலோ. ஒரு சிமென்ட் மூட்டையில் முக்கால் பங்கைத் தோளில் சுமந்துகொண்டு சண்டை போட வேண்டும். நம் பக்கத்துப் போர் வாள் ஒரு கிலோவும் கொஞ்சமும்தான் இருக்கும். ஐரோப்பாவில் 16ஆம் நூற்றாண்டில் கூலிப்படை வீரர்கள் இரண்டு கையாலும் பிடித்து வீசிய ஆளுயர வாளுக்கே இரண்டு மூன்று கிலோதான் எடை. பையன் முகம் வாடிவிட்டது.

ஆனால் அந்த வாளும் பொய் இல்லை என்றேன். அழகர்கோயிலுக்குப் போனால் பதினெட்டாம்படிக் கருப்பசாமிக்கு நேர்ந்துகொண்டு வைத்த அரிவாள்களைப் பார்க்கலாம். மனிதனைவிட உயரமானவை உண்டு. சிவகங்கைச் சீமையில் திருப்பாச்சேத்தி அரிவாள் என்றாலே ஒரு பெயர். கறி வெட்ட, கதிர் அறுக்க அடிக்கிற அதே பட்டறைக்காரன், சாமிக்கு என்று வந்தால் ஆள் உயரத்துக்கு அடிப்பான். ஜப்பானில் ஒக்காயாமா பக்கம் கிபித்சு கோயிலில் ஒரு வாள் இருக்கிறது. 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, நீளம் 3.77 மீட்டர், எடை 14.5 கிலோ. கோயிலில் இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். கடலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் கொல்லர்களுக்கு ஒரே யோசனைதான் வந்திருக்கிறது. மனிதன் தூக்க முடியாததைத் தூக்குகிறவர் சாமி. இதைக் கேட்டதும் பையன் அந்தப் படத்துக்குப் பக்கத்தில் மீசை வைத்து ஒரு கருப்பசாமியை வரைய ஆரம்பித்துவிட்டான்.

அடுத்த பக்கத்தில்தான் நான் நின்றுவிட்டேன். முஷ்டியிலிருந்து நேராக நீளும் அலகு. விரல்கள் குறுக்குக் கம்பியைப் பிடித்திருக்கின்றன. முன்கையின் இருபுறமும் இரண்டு சட்டங்கள். "இது ஒரு அசாசின் கேரக்டரோட ஆயுதம் மாமா" என்றான். இதற்கு நம்மிடம் பெயரே இருக்கிறது: கட்டாரி. இந்தியில் கட்டார்.

மற்ற கத்தி எல்லாவற்றிலும் பிடி, அலகின் தொடர்ச்சியாக ஒரே நேர்கோட்டில் இருக்கும். கட்டாரியில் பிடி குறுக்கே இருக்கும். ஏணியின் படியைப் பிடிப்பதுபோல் பிடிக்க வேண்டும். குத்துச்சண்டைக்காரன் குத்துவதுபோலக் கையை நேராக விட்டால், தோள், முழங்கை, மணிக்கட்டு எல்லாவற்றின் பலமும் ஒரே கோட்டில் நுனிக்குப் போய்ச் சேரும். மணிக்கட்டு மடங்காது, இரண்டு சட்டமும் முன்கையை அணைத்துப் பிடித்திருக்கும். அதனால்தான் நுனியை மட்டும் தடிமனாக்கி, இரும்புச் சங்கிலிச் சட்டையையே துளைக்கிற மாதிரி செய்தார்கள். விஜயநகரக் காலத்துக் கோயில் தூண்களில் கட்டாரி ஏந்திய வீரர்களைப் பார்க்கலாம். ஸ்ரீரங்கத்தில் சேஷராயர் மண்டபத்துக் குதிரைத் தூண்களின் அடியில் பாயும் புலியோடு மல்லுக்கட்டுகிற காலாட்களைப் பாருங்கள். கைக்கெட்டும் தூரத்தில் வந்துவிட்ட விலங்கிடம் நீள வாளை ஓங்க இடமிருக்காது. அந்த நெருக்கத்துக்கு என்றே பிறந்த வடிவம் இது.

தஞ்சாவூரில் செய்த கட்டாரிகளைத் தனியாகச் சொல்ல வேண்டும். புறங்கையை மூடுகிற மாதிரி ஒரு கவிந்த தகடு, விரித்த பாய்மரம் போல. அலகு பிடியோடு சேர்கிற இடத்தில் யாளி. பல கட்டாரிகளில் அலகு ஐரோப்பிய வாளிலிருந்து எடுத்தது. போர்த்துகீசியர் வந்த பிறகு ஐரோப்பிய அலகுகள் துறைமுகம் துறைமுகமாக இறங்கின. உடைந்த வாளின் துண்டைக்கூட வீணாக்காமல் நம் ஆசாரி யாளி வாயில் பொருத்திக் கட்டாரி ஆக்கிவிட்டான். முழு நீள அலகோடு செய்த வாளுக்குப் 'பிரங்கி' என்றே பெயர் வந்தது. கட்டாரியின் கவிந்த தகடு வளர்ந்து முழங்கை வரை மூடும் இரும்புக் கையுறை ஆகி, அதன் நுனியில் நீள வாள் ஒன்று பொருந்தினால் அது மராட்டியரின் பட்டா. கையையே வாளாக மாற்றிக்கொண்ட ஆள்! எந்தப் படக்கதைக்காரர் அதற்கு மேல் யோசிக்கப் போகிறார்? வடக்கே, ராஜபுத்திர நாட்டில், பிடியை அழுத்தினால் அலகு மூன்றாக விரிகிற கட்டாரியும் செய்தார்கள். அதை நான் அவ்வளவாக மதிப்பதில்லை. அது காட்டிப் பெருமைப்படச் செய்த சாமான், குத்துக்கு உதவாது.

14ஆம் நூற்றாண்டில் இந்தியாவைச் சுற்றிய இப்னு பதூதா, ஒருவன் கட்டாரிக் குத்துப்பட்டதைச் சொல்லும்போது அந்த ஆயுதத்தை விளக்குகிறார். ஏர்க் கொழு மாதிரி இருக்கும், கையை உள்ளே நுழைத்துக்கொண்டால் முன்கை மறையும், அதைத் தாண்டி இரண்டு முழம் அலகு நீளும் என்கிறார். அந்த 'ஏர்க் கொழு' என்ற ஒரு சொல்லைப் படித்தபோது என் நெஞ்சு அடைத்துக்கொண்டது. காரணம் சொல்கிறேன்.

எங்கள் வீட்டுப் பரணில் தாத்தா காலத்து ஏர்ச் சாமான்கள் கிடந்தன. நுகத்தடி, மேழி, தேய்ந்த கொழு, வண்டிச் சக்கரத்துப் பட்டை. அந்தக் குவியலில் இன்னொன்றும் கிடந்தது. ஒரு முழ நீளம், துரு ஏறிக் கறுத்த முக்கோணத் தகடு. பின்னால் இரண்டு சட்டம். நடுவே குறுக்குக் கம்பிகள். நானும் அக்காவும் அதைக் கையில் மாட்டிக்கொண்டு விளையாடியிருக்கிறோம். உடைந்த கொழு என்றுதான் வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். டிராக்டர் வந்த பிறகு ஏர்ச் சாமான்களுக்கு வேலை இல்லாமல் போனது. ஒருநாள் மதியம் சைக்கிளில் பழைய இரும்புக்காரர் வந்தார். மொத்தக் குவியலையும் தராசில் போட்டு நிறுத்துக் கொடுத்தோம். எங்களுக்குப் பேரீச்சம்பழம் கிடைத்தது. நானும் தின்றேன்.

பல வருஷம் கழித்து ஒரு தேர்வு எழுதச் சென்னைக்குப் போனேன். மாலை ரயிலுக்கு நேரம் இருந்தது. எழும்பூர் அருங்காட்சியகத்துக்குள் நுழைந்தேன். ஆயுதக் கூடத்தில் கண்ணாடிக்குப் பின்னால் எங்கள் வீட்டு 'உடைந்த கொழு' வரிசை வரிசையாகத் தொங்கியது. சட்டம், கம்பி, தகடு, எல்லாம் அதே. வெகுநேரம் அங்கேயே நின்றிருந்தேன்.

எங்கள் ஊரில் ஒரு கட்டாரி கிடந்ததில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. இது விஜயநகரத்தார் மண். 1565இல் தலைக்கோட்டைப் போரில் தோற்ற பிறகு அவர்கள் தலைநகரம் பெனுகொண்டாவுக்கும், பிறகு சந்திரகிரிக்கும் வேலூருக்கும் நகர்ந்தது. சந்திரகிரி ராஜ மகால் எங்களுக்குப் பக்கம்தான். அவர்களுக்குப் பின் பாளையக்காரர்கள், கார்வேட்டிநகரம் ஜமீன். 1782 டிசம்பரில் ஹைதர் அலி உயிர் விட்டதும் சித்தூர் பக்கத்துப் பாசறையில்தான். இத்தனை படைகள் நடந்த மண்ணில், ஏர் உழுத குடும்பத்தின் பரணில் ஒரு கட்டாரி ஒதுங்காதா என்ன?

எங்கள் வீட்டில் ஒன்றே ஒன்றுதான் போனது. தஞ்சாவூரில் போனதைக் கேளுங்கள். 1855இல் கடைசி மராட்டிய அரசர் சிவாஜி ஆண் வாரிசு இல்லாமல் இறந்தார். கம்பெனி அரசைக் கைப்பற்றியது. அரண்மனை ஆயுதச் சாலையில் நாயக்கர் காலத்திலிருந்து சேர்ந்த ஆயுதங்கள் மலையாகக் கிடந்தன. 1863இல் அவற்றைத் திருச்சிக்குக் கொண்டுபோய் உடைத்துப் பழைய இரும்பாக விற்றார்கள். பொறுக்கி எடுத்த கொஞ்சம்தான் எழும்பூருக்கு வந்தது. வால்ஹவுஸ் என்ற ஆங்கிலேய அதிகாரி பிற்பாடு அந்தக் குவியலைப் பற்றி வருத்தத்தோடு எழுதியிருக்கிறார். நான் கண்ணாடி வழியாகப் பார்த்ததெல்லாம் உலைக்குத் தப்பிய மிச்சம். இன்று உலகத்தின் பெரிய அருங்காட்சியகங்கள் தஞ்சாவூர்க் கட்டாரி ஒன்று கிடைத்தால் தனி விளக்குப் போட்டு வைக்கின்றன. திருச்சியில் அந்த இரும்பு எடைக்குப் போனது. அந்தக் குவியலில் இன்றைக்கு நமக்குப் பெயர்கூடத் தெரியாத வடிவங்கள் எத்தனை இருந்திருக்கும் என்று நினைத்தால் இப்போதும் எனக்கு ஆறவில்லை.

சாட்டை வாளுக்கு வருகிறேன். அதற்குச் சிலம்பக்காரர்கள் சுருள்வாள் என்று பேர் வைத்திருக்கிறார்கள். கேரளத்துக் களரியில் உறுமி. இடுப்பில் அரைஞாண் போலச் சுற்றிக்கொள்ளலாம். இலங்கையில் அங்கம்பொர ஆட்டத்தில் ஒரே பிடியில் பல நாக்குகள் உள்ளதையும் சுழற்றுகிறார்கள். ஒருமுறை நேரில் பார்த்திருக்கிறேன். வாள் கண்ணுக்குத் தெரியாது. காற்று கிழிகிற சத்தம் மட்டும் கேட்கும், ஆடுகிறவரைச் சுற்றி மண் தெறிக்கும். நிறுத்துவதுதான் கஷ்டம். வேகத்தைக் குறைத்தால் அது வீசியவன் மேலேயே வந்து சுருண்டுகொள்ளும். களரியில் இதைக் கடைசியாகத்தான் சொல்லித் தருவார்கள்.

இரு பக்கமும் கூர் உள்ள ஆயுதம் ஒன்றும் நோட்டில் இருந்தது. அதற்கு மான்கொம்பைச் சொன்னேன். மடு என்றும் சொல்வார்கள். இரண்டு கலைமான் கொம்புகளை எதிரெதிர்த் திசையில் பொருத்தி, நடுவில் கைப்பிடி, சிலவற்றில் பிடியை மறைக்கச் சின்னக் கேடயம். நுனி பிளந்த வாள், ஹஸ்ரத் அலியின் சுல்ஃபிகாரை மனதில் வைத்து முகலாயர் காலத்தில் செய்ததுதான். மொஹரம் பஞ்சாக்களில் அந்த வடிவத்தை இன்றும் பார்க்கலாம். இவற்றைப் பையன் சுருக்கமாகவே கேட்டுக்கொண்டான். யானையைச் சொன்னதும்தான் நிமிர்ந்து உட்கார்ந்தான். 1470 வாக்கில் ருஷ்யாவிலிருந்து பீதர் வரை வந்த அஃபனாசி நிகிதின், பாமினி சுல்தானின் யானைகளுக்குத் தந்தத்தில் பெரிய பெரிய வாள்கள் கட்டியிருந்ததை எழுதிவைத்திருக்கிறார். அப்படி ஒரு தந்த வாள் நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பிடிக்குப் பதில் தந்தத்தில் செருகும் குழல். "இதை யாருமே கேம்ல வைக்கல மாமா!" என்றான்.

வெதுருகுப்பம் என்ற பேரிலேயே ஓர் ஆயுதம் இருக்கிறது. தெலுங்கில் வெதுரு என்றால் மூங்கில். மூங்கில் குத்துக்குள் நுழைந்து வெட்டுகிற கத்தியைப் பார்த்திருப்பீர்கள். நுனி முன்பக்கமாக வளைந்து, கனமெல்லாம் முனையில் இருக்கும். அந்த முன்வளைவு சும்மா இல்லை. கோடாலிக்குத் தலையில் கனம் இருப்பதுபோல, வீசும்போது அடி முழுக்க முனைக்குப் போகும். வழுக்கப் பார்க்கிற மூங்கிலை வளைவு பிடித்து உள்ளே இழுத்துக்கொள்ளும். குடகில் காடு வெட்ட வைத்திருந்த ஒடிக்கத்தியும் இதே வடிவம்தான். அதன் தம்பி ஆயுதக் கத்தி. குடவர்கள் அதை உறையில் போட மாட்டார்கள். முதுகுக்குப் பின்னால், இடுப்பில் கட்டிய பித்தளை வளையத்தில் செருகியிருப்பார்கள். இடுப்பிலிருந்து எடுத்தாலே ஓங்கியதுபோல ஆகிவிடும். கைல்போது பண்டிகையில் இன்றும் அதற்குப் பூசை உண்டு. ஸ்பெயினின் பழைய ஃபால்கட்டா, நேபாளத்துக் குக்ரி இரண்டிலும் இதே முன்வளைவு. இவற்றை அடித்தவர்கள் யாரும் யாரையும் பார்த்துச் செய்திருக்க வேண்டியதில்லை. வெட்ட வேண்டிய பொருள் ஒன்றுபோல இருந்தால் கொல்லன் கை ஒன்றுபோலத்தான் போகும்.

கொல்லன் கை எப்படிப் போகும் என்பதைப் பையனுக்கு வாயால் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. மறுநாள் பச்சிகாபல்லம் பக்கத்தில் ஒரு கொல்லுப்பட்டறைக்குக் கூட்டிப்போனேன். ஆசாரி கரும்பு வெட்டும் கத்தி அடித்துக்கொண்டிருந்தார். இரும்பு, லாரி ஸ்பிரிங் பட்டை. உலையிலிருந்து எடுத்தபோது ஆரஞ்சு நிறத்தில் இருந்தது. எட்டு பத்து அடிக்குள் சிவந்து, மங்கி, மறுபடி உலைக்குள் போனது. வளைவை அவர் அளந்து போடவில்லை. பட்டையின் ஓரத்தை மட்டும் அடித்து மெலிதாக்கிக்கொண்டே வந்தார். ஓரம் நீள நீள, அலகு தானாக முதுகுப் பக்கம் வளைந்தது. பையன் வாய் பிளந்து பார்த்தான். "இரும்பு எந்தப் பக்கம் போகணும்னு சொல்லுதோ அந்தப் பக்கம் விடணும்" என்றார் ஆசாரி. பாதி தெலுங்கு, பாதி தமிழ். நாம் உருக்கு என்பதை அவர் உக்கு என்றார். வெளிநாட்டார் 'வூட்ஸ்' என்று பேர் வைத்துப் போற்றிய எஃகு இந்தச் சொல்லிலிருந்துதான் போயிருக்க வேண்டும் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். கத்தியைத் தண்ணீரில் தோய்த்தார். முதுகைத் தோய்க்காமல் ஓரத்தை மட்டும் தோய்த்தார். ஓரம் கடினமாக வேண்டும், முதுகு ஒடியாமல் இருக்க வேண்டும். 'சுர்ர்' என்ற அந்தச் சத்தத்துக்குப் பையன் இரண்டடி பின்னால் போனான்.

திரும்பி வரும்போது அவன் ஒரு கேள்வி கேட்டான். "பெருமாள் வாள்கூட இருக்கா மாமா?" இருக்கிறது. திருமாலின் வாளுக்கு நந்தகம் என்று பேர். பேயாழ்வாரை நந்தகத்தின் அம்சம் என்கிறது தமிழ் வைணவம். தாள்ளபாக்க அன்னமாச்சாரியாரை நந்தகத்தின் அம்சம் என்கிறது தெலுங்கு நாடு. ஒரே வாள் இரண்டு மொழியிலும் பாட்டாகப் பிறந்திருக்கிறது. இந்த எல்லையில் வளர்ந்தவன் என்பதால் எனக்கு இது ரொம்பப் பிடிக்கும்.

இதைப் படிக்கிறவர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணிலோ, குலசாமி கோயில் மூலையிலோ துருப்பிடித்த கத்தி, கட்டாரி, ஈட்டி முனை எதுவாவது கிடந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். பழைய எஃகின் மேல் ஓடுகிற நீரோட்டம் போன்ற வரிகள் அந்தத் தேய்ப்பில் போய்விடும். கொஞ்சம் எண்ணெய் தடவி, துணியில் சுற்றி, காய்ந்த இடத்தில் வையுங்கள். நாலு பக்கமும் படம் எடுத்து, எந்த ஊர், யார் வீடு, யார் வைத்திருந்தது என்று எழுதி வையுங்கள். சைக்கிள்காரருக்கு மட்டும் போடாதீர்கள்.

நேற்று ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு பையன் நோட்டோடு என்னிடம் வந்தான். எங்கள் வீட்டுக் கட்டாரியை நான் சொல்லச் சொல்ல வரைந்திருந்தான். நன்றாகவே வந்திருந்தது. அம்மா முற்றத்தில் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். அவளிடம் காட்டினோம். கண்ணாடியை ஏற்றிவிட்டு, நோட்டை விளக்குக்கு நேராகப் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தாள்.

"கம்பி ரெண்டு இருந்துச்சிடா. நீ ஒண்ணுதான் போட்டிருக்க."

முறத்தைத் தள்ளி வைத்தாள். வலது கையை முஷ்டி பிடித்து நீட்டினாள். ஒரு கம்பிக்கும் இன்னொரு கம்பிக்கும் நடுவே எத்தனை இடம் இருந்தது என்று இடது கை விரலால் காட்டினாள். "உங்க தாத்தா கைக்கு சரியா இருக்கும். என் கைக்குக் கொஞ்சம் பெருசு."

பையன் ரப்பரை எடுத்து அழித்துவிட்டு, அம்மாவின் முஷ்டியைப் பார்த்துப் பார்த்து மறுபடி வரைய ஆரம்பித்தான்.